கட்டுச்சோற்று நாளில் வந்த கிரேக்கச் சொல்

ஆறு வருடங்களுக்கு முன், சரவணம்பட்டியில் எங்கள் வீட்டில் எனக்குக் கட்டுச்சோறு விருந்து. ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. வெள்ளகோவிலிலிருந்து அம்மா புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று ஏழு வகை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். விருந்து முடிந்ததும் பிரசவத்துக்கு என்னை ஊருக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

இரண்டு நாளாகவே எனக்குத் தலைவலி. முகம், கை, கால் எல்லாம் வீக்கம். சொன்னால் விருந்து நின்றுவிடும், சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசுவார்கள் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வளையல் போடும்போதுதான் வாய் தவறி, "கண்ணுக்குள்ள பளிச்சு பளிச்சுன்னு மின்னுது" என்றேன்.

"புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜந்தான் கண்ணு" என்றார் அம்மா.

வளையல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அவள் மெடிக்கல் கோடிங் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்து நோய்களுக்கு உரிய எண்களைப் போடுவாள்.

"அக்கா, தலையும் வலிக்குதுங்களா?" என்றாள். தலையசைத்தேன். "எக்லாம்ப்சியான்னு ஒண்ணு இருக்குதுங்க. கிரேக்கத்துல திடீர்னு மின்னறதுன்னு அர்த்தம். டிரெய்னிங்ல அப்படிப் படிச்சதுனால மறக்கவே இல்லீங்க. பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னாடி கண்ணு மின்னுச்சுன்னு ரிப்போர்ட்ல நெறையப் பாத்திருக்கேன். உடனே போலாங்க அக்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்பர் போடறவ டாக்டராயிட்டியா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கியது. ஆனாலும் நகரவில்லை.

"பிரஷர் மட்டும் பாத்துப்போட்டு வந்துரலாங்க. ஒண்ணுமில்லீன்னா என்னைத் திட்டுங்க" என்று என் செருப்பை எடுத்து வந்து காலருகே வைத்தாள். வீங்கிய காலில் அது நுழையவே இல்லை. அதைப் பார்த்ததும் அம்மாவும் பயந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன். ஊருக்குக் கிளம்பியிருந்தால் வழியிலேயே வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த வலிப்பு மின்னல்போலத் திடீரென்று வருவதால்தான் அந்தப் பெயராம்.

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலிலேயே நின்ற அந்தப் பெண்ணுக்கு, சாயங்காலம் அம்மா தன் கையாலேயே கட்டுச்சோறு ஊட்டினாராம். மூன்றாம் நாள் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்க அக்கா, பாப்பாவக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் சிரிக்கும்போதெல்லாம், எங்கோ பிறந்த ஒரு சொல்லை எனக்காக நினைவில் வைத்திருந்தவளையும், அவளை அழவைத்த என் வாயையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.