எட்டு வாக்கியங்களும் ஒரு முழங்காலும்

எந்தப் பத்திக்கும் ஒரு மையக்கருத்து உண்டு என்று இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. முதல் வாக்கியத்தைப் பார், கடைசி வாக்கியத்தைப் பார், திரும்பத் திரும்ப வருகிற சொல்லுக்கு அடியில் கோடு போடு என்பேன். அப்படியும் சிக்கவில்லை என்றால், ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார். எதை எடுத்தால் பத்தி குலைந்து போகிறதோ அதுதான் மையக்கருத்து. இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மிதப்பு வந்துவிடும். அந்த மிதப்பு போன வருஷம் ஐப்பசி மழையோடு போயிற்று.

என் அக்கா மகளுக்கு முப்பத்தொரு வயது. முழங்கால், இடுப்பு, தோள்பட்டை என்று வலியோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். அதுவரை ஏழெட்டு வரன் வந்து போயிருந்தது. எதற்கும் அவள் வாயைத் திறந்து நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. இந்தத் தடவை வந்தவன் கூடங்குளத்தில் என்ஜினியர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனும் அவன் அம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். பெரியப்பா ரிட்டையரான தலைமை ஆசிரியர்.

அக்கா வீடு மாடியில். பையனின் அம்மா ஒவ்வொரு படிக்கும் ஒரு "அப்பா" போட்டுக்கொண்டு ஏறி வந்தார்கள். காப்பி கொண்டு வந்த இவள் தட்டை அப்படியே ஸ்டூலில் வைத்துவிட்டு, பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி அந்த அம்மா முழங்காலுக்கு அடியில் வைத்தாள். "பைய அமுக்குங்க அத்தை, பத்து எண்ணுங்க, விடுங்க" என்று பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு கூத்து நான் பார்த்ததில்லை. பையன் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு, "எனக்குப் பிடிச்சிருக்கு சித்தி" என்றாள்.

இதற்கிடையில் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "அவங்க சரின்னா இங்கனயே இருந்துக்கிடுதேன். வேண்டாம்னா போயிருதேன். ஏதோ ஒண்ணு தெரிஞ்சாப் போதும்" என்றாள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அவள் கேட்டது எங்கள் ஆட்களிடம்.

எங்கள் சபைக் குடும்பங்களில் சம்பந்தம் பேசினால் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஜெபிக்கிறோம்" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஜெபித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அது எல்கேஜியில் சேர்ந்தும் விட்டது. இதோடு விட்டால் பரவாயில்லை. வேண்டும் என்றாலும் இதே சொல்தான். என் மாமனார் வீட்டிலும் ஜெபிக்கிறோம் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் நம்பிக்கையை விட்டுவிட்ட இரண்டாம் மாதம், கல்யாணத் தேதியையே குறித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் அக்கா வீட்டுக்காரரான அத்தானின் போனுக்கு வாட்ஸப்பில் செய்தி வந்தது. எழுதினது பெரியப்பா என்பது பார்த்தவுடனே தெரிந்தது, அத்தனை ஒழுங்கு. நூறு தடவைக்கு மேல் படித்திருப்பேன், எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்:

"கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். சனிக்கிழமை தங்கள் இல்லத்தில் கிடைத்த அன்பான உபசரிப்பை மறக்க மாட்டோம். திரும்பும் வழியில் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. மாடிப்படி ஏறி இறங்கியதில் என் தம்பி மனைவிக்கு முழங்கால் வலி கூடுமோ என்று பயந்தோம். கர்த்தருடைய கிருபையால் முழங்கால் வலி இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. முழங்காலில் நின்று ஜெபிக்கவும் முடிகிறது. தாங்கள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் மிகுந்த ருசி. தாங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள், நாங்களும் ஜெபிக்கிறோம்."

எட்டு வாக்கியம். சரியா, இல்லையா?

அக்கா பள்ளிக்கூடத்துக்கே போன் போட்டுவிட்டாள். "ஏட்டி, நீ தமிழ் டீச்சர்தான? சாயங்காலம் இங்கன வந்து இதுல என்ன சொல்லுதாங்கன்னு பாத்துச் சொல்லு." கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்ட மாதிரி நானும் கிளம்பிப் போனேன்.

அத்தானுக்குப் போனில் எழுத்து தெரியாது. ஆகவே பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஆளுக்கு ஒன்றாக நாலு நகல் எடுத்து வந்திருந்தார். நகல் எடுத்த கடை கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் எத்தனையோ வழக்குக் காகிதம் பார்த்தவர். இதையும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல தீர்ப்பு எங்கன இருக்கு?" என்று கேட்டாராம். அத்தானுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

நான் வகுப்பில் செய்வதை அப்படியே செய்தேன். முதல் வாக்கியம் ஸ்தோத்திரம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடைசி வாக்கியம் ஜெபம். அதன் லட்சணத்தைத்தான் மேலே சொல்லிவிட்டேன். சரி, ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்ப்போம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அத்தான் கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒரு நகலை எட்டுத் துண்டாக நறுக்கிச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். மழையை எடுத்தோம், பத்தி நின்றது. ஊறுகாயை எடுத்தோம், நின்றது. உபசரிப்பை எடுத்தோம், அதற்கும் நின்றது. எட்டையும் எடுத்தாயிற்று, மேசை காலியாகக் கிடந்தது, பத்திக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதற்குள் மின்விசிறிக் காற்றில் ஊறுகாய் பறந்து பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. எலக்ட்ரிசிட்டி ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன் தரையில் குப்புறப் படுத்து விளக்குமாற்றுக் குச்சியால் அதைத் துழாவிக்கொண்டிருந்தார். "அதுலதான் விஷயம் இருந்தா என்ன செய்யுதது?" என்று அக்கா அவருக்கு டார்ச் அடித்தாள்.

மிச்சம் இருந்தது திரும்ப வருகிற சொல். கோடு போட்டேன். முழங்கால், மூன்று தடவை. ஜெபமும் மூன்று தடவை வந்தது, ஆனால் அதை முன்பே தள்ளியாயிற்று; மற்ற எந்தச் சொல்லும் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஆகவே மையக்கருத்து முழங்கால் என்று நான் தீர்மானமாகச் சொன்னேன். சொன்னபோது எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"பாத்தியா, நம்ம மாடிப்படிதான் அவங்களுக்குப் பிரச்சினை" என்றார் அத்தான். மறுநாளே தரைத்தளத்தில் வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார். மகராசநகர் பக்கம் ஒரு வீடு, வாசல்படி ஒன்றே ஒன்றுதான், அதுவும் சின்னது என்று ஸ்கேல் வைத்து அளந்து வந்து சொன்னார். அக்காவுக்கு ஊறுகாய் மேல்தான் சந்தேகம். மிகுந்த ருசி என்றால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம், வேண்டும் என்றால் சம்பந்தம் வேண்டும் என்று அர்த்தம் என்றாள். செவ்வாய்க்கிழமை முழுக்க வீட்டில் நார்த்தங்காய் நறுக்கினாள். அக்கா மகள் வேலைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் செவ்வாய். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.

புதன்கிழமை நான் செய்ததை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. யார் எழுதினது என்று சொல்லாமல், அந்தப் பத்தியை ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். "பத்தியைப் படித்து மையக்கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக. ஐந்து மதிப்பெண்." ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், இது பாடத்துல உள்ளதா, வெளிய உள்ளதா?" என்று கேட்டாள். வெளியே உள்ளது என்றேன். பொய் இல்லை.

நாற்பத்திரண்டு விடைத்தாளையும் அக்கா வீட்டுக்கே எடுத்துப்போய், வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்தினேன். "மழைக்காலத்தில் பாலத்தைக் கடக்கும்போது கவனம் தேவை." "மனிதனுக்கு முழங்காலே ஆதாரம்." "மாடி வீடு முதியோருக்கு ஆகாது." இதை அத்தானிடம் காட்டவில்லை, காட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணியிருப்பார். பதினோரு பிள்ளைகள் "விருந்தோம்பல் தமிழரின் தலைசிறந்த பண்பாகும்" என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பத்தி கொடுத்தாலும் அவர்கள் அதைத்தான் எழுதுவார்கள். நானும் கை பழக்கத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஒருத்தி மட்டும், "விருந்துக்குப் போனவர்கள் நன்றி சொல்கிறார்கள், வேறு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தாள். எனக்கு வந்த எரிச்சலில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அக்கா மகள் வேலை முடிந்து வந்தவள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். முதலில் சிரித்தாள். பாதிக்கு மேல் சிரிப்பு நின்றுபோயிற்று. கடைசித் தாளையும் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தியாவது கல்யாணம்னு எழுதியிருக்காளா சித்தி?"

"இல்ல."

"ஒரு பொண்ணைப் பத்தின்னு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிள்ளைகளைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "பத்தியில இருந்தாத்தானட்டி எழுதுவாளுவ" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

"ஆமா" என்றாள் அவள். "மழை இருக்கு. ஆறு இருக்கு. ஊறுகா இருக்கு. முழங்காலு மூணு தடவ இருக்கு. அந்த முழங்காலுக்குத் துண்டு சுருட்டி வச்சவ எங்கன இருக்கா?"

நாலு நாளாக நானும் அந்தப் பத்தியைக் கத்தரித்து, கோடு போட்டு, கரும்பலகையில் ஏற்றி என்னவெல்லாமோ செய்திருக்கிறேன். அவள் அதில் இல்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை. வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

அவள் போனை எடுத்தாள். அன்றைக்கு வந்தபோது இருவருமே நம்பர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்; ஆனால் அதுவரை ஒரு குட்மார்னிங்கூட அனுப்பினதில்லை. எனக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டே, "உங்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா?" என்று அவனுக்கு எழுதி அனுப்பிவிட்டாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, "ஏட்டி, இப்படியா நேரடியாக் கேப்பாங்க!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அத்தான் எழுந்து நின்றுவிட்டார்.

அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருப்பதாகப் போனில் காட்டியது. பிறகு நின்றது. மறுபடியும் காட்டியது. இருபது நிமிஷம் நாங்கள் நாலு பேரும் அந்தப் போன் திரையைப் பார்த்தபடி இருந்தோம். எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கை இருந்தது. சின்னப் பையன், படித்தவன், அன்றைக்கு அவ்வளவு அழகாகச் சிரித்தவன். பெரியப்பா மாதிரியா எழுதுவான்?

"ஸ்தோத்திரம். நலமாக இருக்கிறீர்களா? இங்கே காற்று பலமாக அடிக்கிறது. அம்மா தினமும் துண்டைச் சுருட்டி வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். பெரியப்பா வெளியூர் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் எனக்கு வேலை அதிகம். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்."

அத்தான் போனுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "பயிற்சி செய்யுதாங்கன்னு எழுதியிருக்கான்லா, அது நல்ல வார்த்தைதானே" என்று அக்கா ஆரம்பித்தாள். "அம்மா, இதையும் ஆராய வேண்டாம்" என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் சரியாகத்தான் இருந்தது. எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. சரி, இல்லை, இரண்டில் ஒன்றை எழுத வராதவனை என்ஜினியருக்குப் படிக்கவைத்திருக்கிறார்களே என்று சத்தமாகவே திட்டினேன்.

அவள் காதில் வாங்கவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி அனுப்பிய மெயிலைத் திறந்து அதற்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள். "சித்தி, பிழை இருக்கான்னு பாருங்க" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

"திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துகொள்கிறேன்."

பிழை இல்லை. ஆனால் எனக்குக் கை பரபரத்தது. "மொட்டையா இருக்கேட்டி. முதல்ல வணக்கம், நலம்னு ஒரு வரி போடு. பதில் சொல்ல நாலு நாளாயிட்டு, அதுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வரி. இங்கன ஒரே மழைன்னும் சொல்லிக்கிடலாம்..."

"ஒண்ணும் சேக்க வேண்டாம் சித்தி" என்று அனுப்பிவிட்டாள்.