வெளிவேலைப் பாரமும் ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கிணறும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்கள் வெளியே ஆலோசகராக வேலை பார்க்கலாம். ஆனால் அனுமதி வாங்காமல் ஆரம்பிக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் போகக் கூடாது. பல்கலைக்கழகத்தின் கடிதத்தாளையும் ஆய்வுக்கூட இயந்திரங்களையும் தன் இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது. அந்த அனுமதிக்கான படிவங்களை, எங்கள் பேச்சில் பாரங்களை, வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. பதினெட்டு வருஷத்தில் நூற்றுக்கணக்கான பாரங்களைப் பார்த்திருக்கிறேன். மனசில் நிற்பது ஒன்றுதான்.

அது டாக்டர் புஷ்பலதா கொடுத்தது. மண் பொறியியல் பிரிவில் மூத்தவர்; அடுத்த வருஷம் ஓய்வு. பாகான் செராய் வயல்காட்டுச் சேற்றில் எந்தக் கட்டடம் நிற்கும், எது சாயும் என்று அவரைக் கேட்டுத்தான் சொல்வார்கள். ஈப்போவின் புந்தோங் பகுதியில் குடியிருந்தார். பாரத்தில் ஒரு கட்டத்தைக்கூட காலியாக விடமாட்டார்.

அன்று அவர் கொண்டுவந்த பாரம் ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கானது. ஆயர் தாவாருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாகிவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் புதிய தாமான், அதாவது குடியிருப்பு, வரப்போகிறது. மண்ணைச் சோதித்துச் சொல்ல வேண்டும். பாரத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்த வேலையோடு உங்களுக்கோ குடும்பத்துக்கோ சொந்தத் தொடர்பு ஏதும் இருக்கிறதா? எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். டாக்டர் நீலமையில் எழுதியிருந்தார்: ‘ஆறாங்கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தேன். என் அப்பாவின் பெயர் பத்துமலை; அங்கே ரப்பர் பால் வெட்டினார். தோட்டத்து எல்லையில் அவரை அடக்கம் செய்தோம்.’

துறைத் தலைவர் சிவபிரகாசம் அதைப் படித்துவிட்டு என் மேசைக்கே வந்தார். டாக்டர் அங்கேதான் நின்றிருந்தார்.

“லதா, நெலம் உங்க பேர்ல இல்லையே. ‘இல்லை’ன்னு போட்டுட்டா வேல முடிஞ்சிரும்லா.”

“நெலம் யாரு பேர்லன்னு அது கேக்கல, புரோப். தொடர்பு இருக்கான்னு கேக்குது. எனக்கு இருக்கு.”

இரண்டு வாரத்தில் அனுமதிக் குழுவின் பதில் வந்தது. அனுமதி இல்லை. அந்த மண்ணைப் பற்றி அவர் எது எழுதினாலும் ஒருபக்கமாகப் பார்க்கப்படலாம் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். டாக்டர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சரியாத்தான் சொல்றாங்க, தினேஸ்வரி. அவங்க எடத்துல இருந்தா நானும் இதத்தான் சொல்வேன்.”

அப்படிச் சொன்ன பிறகும் அவர் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷமாக ஊர் ஊராக மண்ணைத் தோண்டியவருக்கு, பிறந்த மண்ணை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க ஆசை. வேறு எதற்கும் அந்த வேலையைக் கேட்கவில்லை என்றார். பிறகு லயத்துக் கிணற்றைப் பற்றிப் பேசினார். விடியற்காலை நான்கு மணிக்கே வாளிச் சத்தம் கேட்குமாம். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று அப்பா அதில் இரண்டு கெளுத்தி மீன்களை விட்டிருந்தார். பிள்ளைகள் சோற்றுப் பருக்கையைப் போட்டுவிட்டு, அவை மேலே வரும்வரை எட்டிப் பார்த்துத் திட்டு வாங்குவார்களாம்.

பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “குழாய்த் தண்ணி வந்த பெறகு அந்தக் கெணத்தக் குப்பையப் போட்டு மூடிட்டாங்க. நெலப்படத்துல அது இல்ல. அது மேல வீடு கட்டினா உள்ள எறங்கிரும்.”

விதிப் புத்தகத்தைப் பிரித்தோம். ஊதியமில்லாமல், பதவியைப் பயன்படுத்தாமல், தெரிந்த தகவலைச் சொல்வதற்குத் தடையில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தெரிவித்தால் போதும். அங்கேயே எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பதிலாக அந்த வேலைக்கு வந்திருந்த ஈப்போ பொறியாளர் யுகேந்திரனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னபோது, அவர் முதலில் நம்பவில்லை. “படத்துல ஒன்னும் காட்டலியே, டாக்டர்?” என்றார். ஆனாலும் வரச் சொன்னார்.

சனிக்கிழமை காலை என் காரிலேயே போனோம். அந்தக் காலத்தில் லயத்தில் டாக்டரின் பக்கத்து வீட்டில் இருந்த பாப்பாக்காவையும் ஆயர் தாவாரில் ஏற்றிக்கொண்டோம். எழுபத்தெட்டு வயது. போய்ப் பார்த்தால் எங்கு திரும்பினாலும் ஒரே மாதிரிச் செம்பனை வரிசை. லயமும் இல்லை, கோயிலும் இல்லை. டாக்டர் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றார். பாப்பாக்காதான் காலால் பெரணிச் செடிகளை ஒதுக்கி, பால் எடை போட்ட கொட்டகையின் சிமெண்டுத் தரையைக் கண்டுபிடித்தார்.

அங்கிருந்து கிணறு எத்தனை அடி என்று யுகேந்திரன் கேட்டார்.

“அடியெல்லாம் தெரியாதுப்பா. கொடத்தோட நடந்தாத்தான் கணக்கு வரும்.”

பாப்பாக்கா இடது கையை இடுப்பில் வளைத்து, இல்லாத குடத்தை அணைத்துக்கொண்டு, சற்றுச் சாய்ந்தபடி நடந்தார். டாக்டரும் அதேபோல் கையை வளைத்துப் பின்னால் போனார். ஓரிடத்தில் பாப்பாக்கா நின்றார்.

“இங்கதான்.”

“இல்லக்கா, இன்னும் தள்ளி. இங்க துணி தொவைக்கிற கல்லு இருந்துச்சு.”

“அடி, அப்ப நீ சின்னப்புள்ள, ஒனக்கு எல்லாமே தூரமாத்தான் தெரியும்!”

இருவரும் சிரித்தார்கள். பாப்பாக்கா நின்ற இடத்தில் யுகேந்திரனின் ஆட்கள் முதலில் துளைத்தார்கள். வெறும் செம்மண். நாலு எட்டு தள்ளி, டாக்டர் காட்டிய இடத்தில் துளைத்தபோது குழாய் தடையில்லாமல் இறங்கியது. மேலே இழுத்தபோது கரிய சேற்றோடு உடைந்த வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று வந்தது. ரப்பர் பால் சேகரிக்கும் கிண்ணம், மங்கு.

டாக்டர் அதை வாங்கித் தன் முந்தானையால் துடைத்தார். “எத்தன ஆயிரம் மங்கு கழுவியிருப்போம், அக்கா,” என்றார். பாப்பாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யுகேந்திரன் தன் படத்தில் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். கட்டவிருந்த வீடுகளில் மூன்று அந்த வட்டத்துக்குள் வந்தன.

திரும்பும் வழியில் எல்லையிலிருந்த இடுகாட்டுக்குப் போனோம். டாக்டரின் அப்பா பத்துமலையைப் புதைத்த மேட்டில் கல் எதுவும் இல்லை. செம்பருத்தி மட்டும் காடாக மண்டியிருந்தது.

பிறகு வரைபடம் மாறியது. கிணறு இருந்த இடத்தை விளையாட்டுத் திடலாக ஒதுக்கினார்கள். யுகேந்திரன் அறிக்கையின் ஒரு பிரதியை அனுப்பியிருந்தார். தகவல் தந்தவர்கள் என்ற பகுதியில், பட்டம் ஏதுமில்லாமல், இரண்டு பெயர்கள்: பாப்பா, புஷ்பலதா. முன்னாள் தோட்டக் குடியிருப்பாளர்கள்.

டாக்டர் அதை என் மேசையில் வைத்து இரண்டு தடவை படித்தார். “எத்தனையோ அறிக்கையில என் பேர் வந்திருக்கு, தினேஸ்வரி. இத மட்டும் வீட்டுக்குக் கொண்டு போறேன்.”