அட்மின் வீட்டில் விளக்கு எரிகிறது

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது இப்போது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி கடையிலும் தெருவிலும் சொந்தபந்தங்களுக்குள்ளும் அவர் அட்மின். குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்றை ஆரம்பித்து, அதில் எப்போது பேசலாம், என்ன பேசலாம் என்று சட்டதிட்டம் போட்டு, அதை மீறிய சொந்தத் தங்கையின் கணவரையே வெளியே தள்ளியவர். கேலிக்காக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

வேலை ஒரு பெரிய துணிக்கடையின் மேல்மாடியில். திரைச்சீலைப் பிரிவு அவருடையது. அவருடையது என்றால், கால் வலிக்க அங்கே நிற்பது அவர். ஏசி ரிமோட் மேனேஜரின் சட்டைப் பையில் இருக்கும். புழுக்கமாக இருக்கிறது என்று சொன்னால், வாடிக்கையாளர் சொல்லட்டும் பார்க்கலாம் என்பார் மேனேஜர். ஊழியர்கள் சுவிட்சைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. நாள் முழுக்கத் துணியைப் பிரித்துக் காட்டுவதும், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று நழுவியவர்களுக்குப் பின்னால் அதை மடித்து வைப்பதுமாக அவர் ஆயுசில் பாதி போய்விட்டது. அப்படிப்பட்ட மனிதருக்கு, கையில் இருக்கும் போனை வைத்தே ஒரு வீட்டை ஆட்டிவைக்கலாம் என்று தெரிந்தால் சும்மா இருப்பாரா?

இருக்கவில்லை. ஹால் விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், வாசல் கதவுப் பூட்டு என்று ஒன்று விடாமல் போனுக்குள் கொண்டுவந்தார். சுவரில் இருந்த பழைய சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வழவழப்பான வெள்ளைப் பலகைகளை மாட்டினார். அழகாகத்தான் இருந்தன. அழுத்துவதற்குத்தான் அவற்றில் ஒன்றும் இல்லை. எல்லாம் அவர் போனில், அவர் கடவுச்சொல்லில். தங்கள் போனிலும் போட்டுத் தரச் சொல்லி மனைவியும் மகளும் கேட்டபோது, ஆளாளுக்குக் கையை வைத்தால் கெட்டுப்போகும் என்று மறுத்துவிட்டார். அப்போது அவர் பேசியது அச்சு அசல் மேனேஜர் குரல். அவருக்கு அது காதில் விழவில்லை.

ஆரம்பத்தில் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. மனைவி தலைக்கு சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிடும். நுரையோடு கதவிடுக்கில் கையை நீட்டி, மகள் கொடுக்கும் போனை வாங்கி, கணவருக்கு அடித்து, மோட்டார் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அவரோ பெரிய வீட்டு அம்மாள் ஒருவருக்கு ஜன்னல் துணி காட்டிக்கொண்டிருப்பார். ஒரு முறை, மாலைக் கல்லூரி முடிந்து வந்த மகள் கொட்டுகிற மழையில் சொந்த வீட்டு வாசலில் நின்றாள். அம்மா வெளியே போயிருந்தாள். அப்பா பஸ்ஸில், சிக்னல் கிடைக்காத இடத்தில். அவர் இறங்கி, போனைப் பார்த்து, கதவைத் திறந்துவிட்டபோது பெண்ணின் புத்தகங்களைப் பிழிந்தால் வாளி நிறைந்திருக்கும்.

அவருக்குக் கவலை இல்லை. சொன்னால் சொல்ல வேண்டும், ஆனந்தம். கடையில் போன் அடித்தால் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று, பக்கத்துப் பிரிவுக்கும் கேட்கிற மாதிரி, "இரு, லைட் போடுறேன்" என்பார். திரும்பி வரும்போது தோள் கொஞ்சம் அகன்றிருக்கும். படுக்கை விரிப்புப் பிரிவில் இருந்த நண்பர் என்னவென்று கேட்டால் பெருமூச்சு விட்டு, "நான் இல்லேன்னா வீட்ல ஒண்ணும் ஓடாதுப்பா" என்பார். அந்தப் பெருமூச்சைப் போலப் பொய்யான பெருமூச்சு உலகத்தில் இருக்காது.

காலப்போக்கில் வீட்டில் புலம்பல் குறைந்தது. பழகிவிட்டார்கள் என்று நினைத்தார். அழைப்புகள் மட்டும் தவறாமல் வந்தன, பெரும்பாலும் மாலையில், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து. நம்முடைய வசதியை எவ்வளவு புரிந்து நடக்கிறார்கள் என்று அட்மின் நெகிழ்ந்துபோனார்.

அந்த நாள் வந்தது ஒரு சாதாரண நாளாகத்தான். திரைச்சீலை வாங்க வந்த ஒரு தம்பதிக்குத் துணியை விட்டுவிட்டுத் தன் போனைக் காட்டி, இப்போது பாருங்கள் விசிறி ஓடுகிறது, இப்போது பாருங்கள் நின்றுவிட்டது என்று நெடுநேரம் விளையாடினார். அவர்கள் துணி வாங்காமல் போனார்கள். போனும் சார்ஜ் தீர்ந்து போனது. கடையில் சார்ஜ் போடக் கூடாது என்பது மேனேஜரின் இன்னொரு சட்டம். வீட்டுக்குச் சொல்லலாம் என்று நண்பரின் போனை வாங்கியவர் விரலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். மனைவியின் எண் அவருக்கு மனப்பாடம் இல்லை. அதுவும் போனுக்குள்தான் இருந்தது.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீடு இருட்டிக் கிடக்கும். தொட்டியில் தண்ணீர் இருக்காது. பெண் வாசலில் நிற்பாள். இனியும் தாங்காது என்று மேனேஜரிடம் போய், சீக்கிரம் போக வேண்டும் என்று கையைப் பிசைந்தார். மேனேஜர் காரணம் கேட்டார்.

"வீட்ல லைட் போடணும் சார்."

"வீட்ல ஆளு இல்லையா?"

"இருக்காங்க சார்."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். உடம்பு சரியில்லை என்றே சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்துவிட்டு அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அட்மின் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தார். தெருமுனையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பியவர், தன் வீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். விளக்கு ஜகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. மேலே தொட்டி நிரம்பி, குழாய் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

உள்ளே போகக் கால் வரவில்லை. ஜன்னல் பக்கம் போனார். அந்த ஜன்னல் திரைச்சீலை கடையில் மிஞ்சிய துண்டுத் துணியில் அவரே தைக்கக் கொடுத்தது. அகலம் போதாமல் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி விழும் என்பது அவருக்குத் தெரியும். அதன் வழியாகப் பார்த்தார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். வாசல் பூட்டுடன் அட்டைப்பெட்டியில் வந்த சாவி, தூக்கிப் போட்டாயிற்று என்று அவர் நினைத்திருந்த அதே சாவி, அவளது பையின் கொக்கியில் தொங்கியது. மனைவி காதில் போனை வைத்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"எடுக்கவே மாட்டேங்கிறாருடி."

"சார்ஜ் போயிருக்கும்மா. விடு, இன்னிக்கு ஒரு நாள் பண்ணலேன்னா என்ன?" என்றாள் மகள்.

"உனக்கென்ன தெரியும்? அன்னிக்கு ஒரு நாள் நாம பண்ணாம விட்டதுக்கு எப்படி வந்தாருன்னு மறந்துட்டியா? சோறு இறங்கல. யாருக்காவது என்மேல கோவமான்னு கேட்டாரு. நாள் பூரா அங்க நின்னுட்டு வர்ற மனுஷன். நம்ம போன் ஒண்ணுதான் அவருக்கு மரியாதை."

சொல்லிக்கொண்டே அவள் எழுதும் பெண்ணுக்கு வெளிச்சம் மறைக்காமல் ஒதுங்கி, மோட்டாரை நிறுத்தப் போனாள். சுவரில் துணிக்கடையின் காலண்டர் மாட்டியிருந்தது. அவரே கொண்டுவந்து மாட்டியது. அதைச் சற்றே தூக்கி, பின்னால் கையை விட்டாள். தண்ணீர் வழிகிற சத்தம் நின்றது. காலண்டர் மறுபடி விழுவதற்குள் அவர் பார்த்துவிட்டார். மூன்று சுவிட்சுகள். சாதாரணச் சுவிட்சுகள். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார், வேலையும் சுத்தமாகச் செய்திருக்கிறார்.

அட்மினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் வீட்டில் எனக்குத் தெரியாமலா என்று பொங்கியது. கதவைத் தட்டி ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று கையையும் ஓங்கினார். ஆனால் மரியாதை என்று அவள் சொன்ன சொல் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இத்தனை நாளாக நுரையும் மழையும் பட்டவர்கள், வழி கிடைத்த பிறகும் வேலை மெனக்கெட்டு அவரிடம் வெளிச்சம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஓங்கிய கை இறங்கியது. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. தெருவில் யாராவது பார்க்கப் போகிறார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தெருமுனை மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிவிட்டு, போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் கேட்டார். உயிர் வந்ததும் மறுபடி ஜன்னலுக்கு வந்து, குரலைச் சரிசெய்துகொண்டு மனைவிக்கு அடித்தார்.

"கடையில வேலை அதிகம். லைட் போடவா?"

இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவியின் முகம் தெளிந்தது. "ஆமாங்க, இருட்டுலதான் உக்காந்திருக்கோம்" என்றாள். சொல்லிக்கொண்டே ஓடிப்போய்க் காலண்டருக்குப் பின்னால் கையை விட்டாள். ஹால் இருண்டது. மகள் பாதி எழுதிய வரியோடு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருட்டில் காத்திருந்தாள்.

அட்மின் போனைத் தொட்டார். விளக்கு எரிந்தது.

"வந்துடுச்சுங்க" என்றாள் மனைவி, நிஜமாகவே நிம்மதியோடு.

கொஞ்ச நேரம் தெருவைச் சுற்றிவிட்டு, வேலை முடிந்து வருகிறவரைப் போல வீட்டுக்குள் நுழைந்தார். இன்று போன் கிடைக்காமல் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டோம் என்று மகள் புகார் சொன்னாள். நடிப்பில் அம்மாவைவிட ஒரு படி மேல். சாப்பிட உட்காரும் முன் அவர் சுத்தியலைத் தேடி எடுத்து, காலண்டர் முன்னால் போய் நின்றார். மனைவி கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் காலண்டரைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஆணியை மட்டும் இறுக்கி அடித்தார். ஓரம் தூக்கிக்கொண்டிருந்த அட்டையை உள்ளங்கையால் தடவிச் சுவரோடு படிய வைத்தார்.

"வருஷம் முடிஞ்சாலும் இதைக் கழட்டாத. அப்பப்ப சாயுது, வெளியாளுங்க யாராவது பாத்துடப் போறாங்க" என்றார்.

மனைவி தட்டை வைத்துவிட்டு, வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே போட்டாள்.

மறுநாள் மாலை கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போன் அடித்தது. அட்மின் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போனார். பக்கத்துப் பிரிவுக்குக் கேட்கவே கேட்காத குரலில், "இரும்மா, போடுறேன்" என்றார்.