வசனம் இல்லாத ஜப்பான்காரி

அன்றைக்கு எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் கருவாட்டு வாசத்தையும் மீறி ஜெனரேட்டர் புகை மணத்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த எங்கள் பங்குச் சுவாமியார், கோயில் வளவில் வெள்ளைச் சீலை கட்டி ஒரு பழைய ஜப்பான் படம் காட்டினார்...

ஊமைப்படம். இடையிடையே வந்த எழுத்து ஒருவருக்கும் விளங்கவில்லை. கதையைச் சுவாமியார் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் சனம் வாசாப்பில், அதாவது கோயில் நாடகத்தில், ஊறிய சனம். வாய் அசைந்தால் வசனம் வரவேண்டும்.

சூசை அண்ணன் தொடங்கிவிட்டார். வருஷா வருஷம் வாசாப்பில் ராணி வேஷம் அவருக்குத்தான். திரையில் அந்தப் பெண் தலை குனிந்தபடி மெல்ல ஏதோ சொல்கிறாள்... இவர் கீச்சுக்குரலில் ஒப்பாரி வைக்கிறார். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

அப்போது பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து என் மச்சாள் பிலோமினா, திரையில் அசைந்த அந்த வாய்க்கு ஏற்ப, சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் போறன். என்னைத் தேடாதேங்கோ."

மிச்சப் படம் முழுக்க அவள்தான் பேசினாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் சுவாமியார் அந்த நடிகையைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் முதலில் பெண் வேஷம் ஆண்களுக்குத்தானாம். இவளைப் போலச் சிலர் வந்துதான் மாறியதாம். நிறைய நடித்தாளாம். பேசும்படம் வந்தபிறகு கூப்பிடுவது குறைந்து, பெயரே மறந்துபோயிற்றாம்.

கடைசிப் பகுதி பிலோமினாவின் காதில் ஏறவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த நாளே வாசாப்பு பழக்கும் அண்ணாவியாரிடம் போனாள். துணைக்கு நான்.

"ராணிப் பாட்டு முழுக்க எனக்குப் பாடம். நான் நடிக்கட்டோ?"

"அது சூசையின்ர வேஷம் பிள்ளை. அவனைக் கேள்."

சூசை அண்ணன் யோசிக்கவே இல்லை. "எனக்கும் சீலை கட்டி அலுத்துப்போச்சு. அவள் கட்டட்டும்."

அந்தப் பெருநாளுக்கு எங்கள் மேடையில் முதல்முறையாக ஒரு பெண் ராணியாக வந்தாள். நன்றாகவே நடித்தாள். அவளுடைய அம்மா, என் மாமி, பார்க்க வரவில்லை. "கொமர்ப்பிள்ளை மேடையேறினா, பிறகு ஆர் கலியாணம் பேசி வருவினம்?" என்று வீட்டோடு இருந்துவிட்டார்.

அடுத்த வருஷம் வேஷம் மறுபடியும் சூசை அண்ணனிடம் போனது. கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவளும் கேட்கவில்லை. பிறகு இலுப்பைக்கடவைக்குக் கலியாணம் கட்டிப் போனாள். எனக்கு அப்போது கோபமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இன்று பெண் வேஷமெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான்... யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. போன பெருநாளுக்கு மச்சாள் வந்திருந்தாள். என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ராணி பாடத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தேன்.

ஒவ்வொரு வரிக்கும் அவளுடைய வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.