வீட்டுக்கு ஒரு பக்கெட் சாணி

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினாள். எடுத்ததுமே, "ண்ணா, தண்ணி தெளிஞ்சிடுச்சு!" என்று கத்தினாள். பக்கத்தில் மோட்டார் சத்தம். அதையும் மீறிக் கத்தினாள் என்றால் பாருங்களேன்.

பூங்கொடி — அதான் என் தங்கச்சி — கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பு. ஊரில் அதற்குப் பேர் 'சாக்கடை ப்ளாண்ட்'. ஆரம்பத்தில் கட்டவே விடவில்லை. நாறும், கொசு வரும், இந்த ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்... "நாத்தம் வந்தா நானே பூட்டிச் சாவியை உங்க கையில குடுத்துடறேங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். வாய் ஜாஸ்தி. எங்கள் குடும்ப வாகு அது!

அன்றைக்கு அவளுக்காகப் பேசிய ஒரே ஆள், வார்டு கவுன்சிலர் ஏழுமலை. கடைசியில் கவிழ்த்ததும் அவரேதான்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் இருந்து பெரிய அதிகாரி ப்ளாண்டைப் பார்க்க வருகிறார் என்று சேதி. பெரிய ஆள் வந்தால் நாம் என்ன செய்வோம்? ரோட்டோரம் வெள்ளைக் கோடாக ப்ளீச்சிங் பவுடர் போடுவோம். ஏழுமலையும் போட்டார். போட்டது போக மிச்சமிருந்த மூட்டைகளை... பூங்கொடி வருவதற்குள் தொட்டியிலேயே கொட்டிவிட்டார். சுத்தமாக இருக்கட்டுமே என்று!

அந்தத் தொட்டியில் வேலை செய்வதே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். அழுக்கைத் தின்று தீர்ப்பது அதுங்கதான். மொத்தமும் காலி. அதிகாரி வந்தார், வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார், போய்விட்டார். அப்புறம் கிளம்பியது பாருங்கள் நாத்தம் — கடைத்தெரு வரைக்கும்! "சாவி எங்கம்மா?" என்று ஊரே ப்ளாண்ட் கேட்டில் வந்து நின்றது.

பூங்கொடி அங்கே அழவில்லை. எனக்கு போன் போட்டுத்தான் அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் அவர்களிடம் கேட்டாள். "பூட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் டைம் குடுங்க. அப்படியே வீட்டுக்கு ஒரு பக்கெட் சாணி குடுங்க."

சிரித்தார்கள். சாக்கடையைச் சுத்தம் பண்ண சாணியா?

"சாணியிலயும் கிருமி இருக்குதுங்க. செத்ததுக்கு பதிலா புதுசு விடணும்."

ஏழுமலை ஆட்டோவில் மைக் கட்டினார். "தப்பு என்னுதுங்க. பவுடர் கொட்டினது நான்தான். தயவு பண்ணி சாணி குடுங்க!" தெருத்தெருவாக இதே பேச்சு. மைக் பிடித்துத் தன் தப்பைச் சொன்ன கவுன்சிலரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஊரும் பார்த்ததில்லை போல. அதான் மனசு இளகிவிட்டது.

வாசல் தெளிக்கக் கரைக்கும் சாணியில் ப்ளாண்டுக்கும் ஒரு பங்கு. சாவி கேட்டு வந்த பெண்களே பக்கெட்டும் கையுமாக வந்தார்கள். கரைத்து ஊற்றி, காற்று அடிக்கிற மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டி, தொட்டியே கதி என்று கிடந்தாள் என் தங்கச்சி. மெல்ல மெல்ல நாத்தம் கம்மியாச்சு. அப்புறம்தான் அந்த போன்.

ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். பளிங்கு மாதிரி என்று புளுக மாட்டேன். ஆனால் வாய்க்கால் அடியில் கிடந்த கல் தெரிந்தது! பக்கத்து மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. (உங்கள் ஊரில் நிலக்கடலை என்பீர்கள்.) கொல்லை யாருடையது? சாவி கேட்டு முதலில் சத்தம் போட்டவருடையது. "எங்க மாட்டு சாணிதாங்க வேலை செஞ்சுது" என்றார், மடையைத் திருப்பிக்கொண்டே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்க பூங்கொடியாக்கும்!

அதிகாரி மறுபடி வருகிறாராம். ஏழுமலை இப்போதே கேட்டில் சேர் போட்டு உட்கார்ந்துவிட்டார் — "யாரா இருந்தாலும் பையைத் திறந்து காட்டிட்டுதான் உள்ள போகணும்!"