சாட்சிக் கூண்டில் என்னைப் பொய்யனாக்கிய ரத்னம்

ரத்னம் போய்விட்டான். போன செவ்வாய்க்கிழமை காலை அவன் மகள் போன் செய்து, "மாமா, அப்பா டீ குடிச்சிட்டு பேப்பர் படிச்சினு இருந்தாரு, அப்படியே போயிட்டாரு" என்றாள். அழுதுகொண்டே ஜோகுபாளையத்தில் அவன் வீட்டுக்கு ஓடினேன். அங்கே அழ வந்த கூட்டம் அவனைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவனை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில், பழைய மதராஸ் ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தகடு வெட்டினோம். அவன் மெஷினில் கையைக் காக்கும் தடுப்பு உடைந்து மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஒருநாள் வலது கையில் மூன்று விரல்கள் போயின. வேலையும் போனது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டான்.

எங்கள் தெருவில் அப்போது ஒரு நம்பிக்கை. கேஸ் போட்டவன் கேஸ் முடியும்வரை படுத்தே கிடக்க வேண்டும். நடமாடினால் இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேஸைத் தள்ளிவிடுவார்கள். யோசனை சொல்வதில் நான்தான் முதல் ஆள். புண் ஆறிய பிறகும் அவன் கைக்கு முழங்கை வரை கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து தூளி மாதிரி துணி கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் அந்தத் தூளிக்குள் கொத்தமல்லிக் கட்டு. மார்க்கெட்டுக்குப் போய் வந்திருக்கிறான். "சும்மா தானே தொங்குது மச்சா, அதுல ஏதாவது வெச்சா இன்னா?" என்றான்.

காக்ஸ் டவுனில் இருந்த எங்கள் வக்கீலம்மா அவனிடம் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அடிபட்டவங்களும் முடிஞ்ச வரைக்கும் நஷ்டத்தைக் குறைக்கப் பார்க்கணும். செய்யக்கூடிய வேலையைத் தேடாம வீட்டுலயே இருந்தா, அந்த நாளுக்கெல்லாம் நஷ்டஈடு கேக்க முடியாது." அவன் இதை என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. பிடிவாதக்காரன் நான். அவனோ கைக்குப் பயிற்சி என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சப்பாத்தி மாவு பிசைந்தான். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தான். டீக்கடையில் சேர்ந்தான்.

வழக்கில் நானும் ஒரு சாட்சி. "கேட்டதுக்கு உண்மையை மட்டும் சொல்லுங்க" என்று சொல்லித்தான் வக்கீலம்மா கூண்டுக்கு அனுப்பினார். எதிர்த்தரப்பு வக்கீல் மிக மரியாதையாக, "விபத்துக்கு அப்புறம் இவர் எங்கயாவது வேலை தேடினாரா?" என்று கேட்டார். நண்பனை ஒரேயடியாகக் காப்பாற்றிவிடும் வேகத்தில், "இல்லீங்க சாமி, படுத்த படுக்கை. ஒரு துரும்பைக்கூட நகத்தல" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாமி, அவன் சொல்றது பொய்!"

பின்னால் ரத்னம் எழுந்து நின்றான். "நான் ஒருநாள் கூட சும்மா குந்தினு இல்ல. யாரை வேணா கேளுங்க!" நீதிபதி அவனை உட்காரச் சொல்லிவிட்டு என்னை நன்றாகக் கண்டித்தார். என் வாயாலேயே அவன் கேஸ் தோற்றுவிடும் என்று பயந்தேன்.

அடுத்த வாய்தாவில் டீக்கடைக்காரர் கூண்டில் ஏறினார். பல மாதக் கோபத்தைக் கொட்டித் தீர்த்தார். "ஒரே வாரத்துல என் கிளாஸ் பூரா உடைச்சிட்டான் சாமி! போப்பான்னு அனுப்பினா, மறுநாள் காலையில முதல் ஆளா வந்து நிக்கறான். எடது கையில புடிச்சுப் பாக்கறேன், ஒரே ஒரு வாரம் குடுங்கன்னு கெஞ்சறான்!" நீதிபதியே சிரித்துவிட்டார். அவன் முயன்றான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? டோக்கன் வேலையில் கிடைத்த கூலியை மட்டும் கழித்துக்கொண்டு தீர்ப்பு அவன் பக்கம் வந்தது.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "பொய் சொன்னதுகூட பரவால்ல மச்சா. என்னைப் போயி சோம்பேறின்னு சொல்லிட்டியே!" என்று விரல் போன அந்தக் கையாலேயே என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். அன்றிலிருந்து, புதிதாக யார் வந்தாலும் "இவன்தான் எனக்கு எதிரா சாட்சி சொன்ன ஃப்ரெண்டு" என்றே என்னை அறிமுகம் செய்தான். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமும் அப்படித்தான்.

அவன் மேல் இருந்த ஆசையில், அவனை ஒன்றுக்கும் ஆகாதவனாக ஊரறியச் சொன்னேன். அதே ஆட்கள் முன்னால் எழுந்து அவன் அதை மறுத்தான். கேஸுக்காக எழுந்தானோ, மானத்துக்காக எழுந்தானோ, தெரியாது. என்னைப் பொய்யன் என்று ஒருவன் கத்தி, அதற்காக நான் வாழ்நாளெல்லாம் சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான். அவன் போட்ட அந்தச் சத்தத்தை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.