வகுப்பாசிரியரைப் பாருங்கம்மா

ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிகள் என்னை விடுவதில்லை. பெற்றோருக்கான பட்டறை என்றால் பேச ஒரு முன்னாள் கல்வி அதிகாரி வேண்டும். எனக்கும் பொன்னாடை பிடிக்கும்.

சென்ற ஆண்டு பாடாங் செராய் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் எல்லாம் முறைப்படி நடந்தது. பிள்ளைகளின் கல்வியில் பெற்றோர் அக்கறை காட்ட வேண்டும் என்று, அக்கறையோடு வந்திருந்தவர்களிடமே ஒரு மணி நேரம் பேசினேன்.

கேள்வி நேரத்தில், தொழிற்சாலைச் சீருடையில் இருந்த ஒரு பெண் எழுந்தார்.

"சார், என் மவன் ரெண்டாம் ஆண்டு. இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரல. வீட்ல நான் என்னா செய்யணும்?"

இதற்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் உண்டு. "வகுப்பாசிரியரைப் பாருங்கம்மா."

"பாத்துட்டேன் சார். நீங்க சொல்லிக் குடுப்பீங்கன்னு அவங்கதான் வரச் சொன்னாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சி நேரா வரேன்."

பின்வரிசையில் யாரோ, "திரும்பி டீச்சர்கிட்டயே போங்கலா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

பெற்றோர் ஈடுபாடு பற்றி எத்தனையோ சுற்றறிக்கைகளை விளக்கியவன் நான். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்கே தொடங்குவது என்று ஒரு தாய்க்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாகத் தலைமையாசிரியர் சாப்பாடு தயார் என்று அறிவித்தார். அந்தப் பெண் சாப்பிடாமலே மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

அதே பள்ளியில் நான் பேசப்போன அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. "இந்தப் பெற்றோருக்கெல்லாம் அக்கறையே இல்ல சார்" என்றார் தலைமையாசிரியர்.

பணிக்காலம் முழுக்க நானும் அதையேதான் சொன்னேன். கூட்டத்துக்கு வராதவர்கள் பலரும் ஒருமுறை வந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.